கேட்க ஆளில்லாத பெயர்

எல்வுட் ஹாஸ் எந்த மரச்சாமானையும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பார். முகப்பைக் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டார். முகப்பை எவன் வேண்டுமானாலும் அலங்காரம் பண்ணிவிடலாம், அடிப்பலகையில் யாரும் மெனக்கெடுவதில்லை என்பார். பெர்க்ஸ் வட்டாரத்தில் பழைய பெட்டி, அலமாரி, தொட்டில் என்று எதையாவது வைத்திருந்த அத்தனை பேருக்கும் அவரைத் தெரியும். அதில் பாதிப் பேருக்கு அவரைப் பிடிக்காது. பின்னே, கொள்ளுப்பாட்டியின் கல்யாணப் பெட்டி என்று ஆசை ஆசையாகத் தூக்கிக்கொண்டு வருகிறவளிடம், "பெட்டி பழசும்மா, பெயிண்ட் புதுசு" என்று முகத்துக்கு நேரே சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்?

அந்தப் பக்கத்தில் கப்பலேறி வந்து குடியேறிய ஜெர்மன் குடியானவர்கள் ஒரு காலத்தில் பெண் வளர்ந்ததும் அவளுக்கென்று ஒரு பெட்டி செய்யச் சொல்வார்கள். முன்பலகையில் டியூலிப் பூவும் குருவியும் வரைந்து, அவள் பெயரையும் வருஷத்தையும் எழுதிவைப்பார்கள். அந்தப் பெயர் எழுத்து அன்றைக்கே எழுதியதா, பிற்பாடு எவனோ எழுதியதா என்று கண்டுபிடிக்க எல்வுட்டுக்கு ஒரு கைவிளக்கு போதும். மரம் வயசாக ஆகச் சுருங்கும். சுருங்கினால் பலகையில் வெடிப்பு விழும். பெயிண்ட் முன்பே இருந்திருந்தால் அதுவும் பலகையோடு சேர்ந்து பிளந்திருக்கும், வெடிப்புக்குள்ளே வெறும் காய்ந்த மரம்தான் தெரியும். வெடித்த பலகை மேல் பிற்பாடு பூசியிருந்தால் பெயிண்ட் வெடிப்புக்குள்ளே வழிந்து இறங்கியிருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும், அவ்வளவுதான் சூட்சுமம்.

இவ்வளவு தெரிந்த மனுஷன் தன் வீட்டில் இருந்த பெட்டிக்கு ஒருநாளும் விளக்குப் பிடித்துப் பார்க்கவில்லை. அடியைப் பார்த்திருக்கிறார், கீலைப் பார்த்திருக்கிறார், மூலைப் பொருத்துக்களைத் தடவித் தடவிப் பார்த்திருக்கிறார். எல்லாம் அசல். முன்பலகையைத் துணியால் துடைப்பதோடு சரி. பார்க்கத் தெரியாமல் இல்லை, பார்க்க மனசு வரவில்லை.

ஏனென்றால் அந்தப் பெட்டியை விட்டால் அவருக்கு இந்த உலகத்தில் வேறு ஆதாரம் கிடையாது. நடக்கப் பழகிய வயசில் அவரை ஒரு பெண் அனாதை இல்லத்து வாசலில் கொண்டுவந்து விட்டாள். கூடவே இந்தப் பெட்டி, அதற்குள் நாலு துணி. வேலை தேடி ஓஹையோ பக்கம் போகிறேன், வசந்தத்தில் வந்து பிள்ளையையும் பெட்டியையும் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னாளாம். வரவில்லை. அவள் சொன்ன ஹாஸ் என்ற பெயரில் எங்கே தேடியும் ஆளும் கிடைக்கவில்லை. வளர்ந்து வெளியே போகும்போது இல்லத்தார் பெட்டியை அவரிடம் கொடுத்தார்கள். முன்பலகையில் பூவுக்கும் குருவிக்கும் நடுவே 'அன்னா ரோர்பாக், 1794' என்று சிவப்பு எழுத்து. யார் இந்த அன்னா என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் இந்தத் தொழிலுக்கே வந்தார்.

தேடிக் கண்டும் பிடித்தார். ரோர்பாக் குடும்பத்தார் வருஷா வருஷம் ஆகஸ்டில் தங்கள் சர்ச் தோப்பில் ஒன்றுகூடுவார்கள். அவர்களிடம் அச்சடித்த வம்சவழி இருந்தது. கப்பலில் வந்த மூதாதையின் கடைக்குட்டி மகள் அன்னா. கல்யாணமாகி ஓஹையோ போனாள், பிறகு தகவல் இல்லை என்று அதில் போட்டிருந்தது. எல்வுட்டுக்கு அப்போது முப்பத்தாறு வயசு. வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு போய் இறங்கினார். தகவல் இல்லாத அந்த இடத்தில் அவர் கச்சிதமாகப் பொருந்திவிட்டார். கட்டிப்பிடித்தார்கள், தட்டைக் கையில் கொடுத்தார்கள், அவர் அழுதுகொண்டே சாப்பிட்டார். அன்றிலிருந்து ஒரு ஆகஸ்டுகூடத் தவறியதில்லை. கூட்டத்தில் மூதாதையின் ஒவ்வொரு பிள்ளை வழிக்கும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு நிறத்தில் சீட்டு உண்டு. அன்னாவின் வழிக்கு நீலம். நீலம் குத்திக்கொள்ள அவர் ஒருவர்தான். அன்னா கடைக்குட்டி என்பதால் குடும்பப் படத்தில் எல்வுட் எப்போதும் வரிசையின் ஓரம். அந்தப் படங்களையெல்லாம் கண்ணாடி போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டிவைத்திருந்தார். கல்யாணம் காட்சி எதுவும் அவருக்கு நடக்கவில்லை; வேறு யார் படத்தை மாட்டுவார்?

இந்த வருஷம் டாக்டர் கையை விரித்துவிட்டார். இதயம் தேய்ந்துபோய்விட்டது, இஷ்டப்பட்டதைச் சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். எல்வுட் சாவுக்குப் பயப்படவில்லை. அனாதைக் கணக்கில் ஊர்ப் பொதுக் கல்லறையில் பெயர் தெரியாதவர்களோடு கிடக்கப்போகிறோமோ என்பதுதான் அவருக்குப் பயம். சர்ச்சுக்குப் பின்னால் ரோர்பாக்குகளுக்கென்று ஒரு மூலை உண்டு. அந்த வம்சத்தாரைத் தவிர வேறு யாரையும் அங்கே புதைப்பதில்லை. அங்கே ஆறடி வேண்டும் என்று குடும்பத் தலைவர் மாலனிடம் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்வதாக ஏற்பாடு.

சனிக்கிழமை காலை பெட்டியை சர்ச் கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மூதாதை கப்பலிறங்கிய ஆண்டு விழா என்று குடும்பத்தின் பழைய சாமான்களைக் கண்காட்சி வைக்கிறார்கள். ஒவ்வொன்றின் வயசையும் ஊரையும் அட்டையில் எழுத, மியூசியத்திலிருந்து ஜூடித் ஆர்ன்ட் வந்திருந்தாள். எல்வுட்டிடம் மரியாதை உள்ள பெண். முதலில் பெட்டியைக் கவிழ்த்தாள், அடியைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். எல்வுட் பக்கத்தில் நின்று, பெண் பார்க்க வந்தவர்கள் முன் நிற்கும் தகப்பனைப்போலச் சிரித்துக்கொண்டிருந்தார். அப்புறம் பெட்டியை நிமிர்த்தி, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். முன்பலகை வெடிப்பின் மேலே அவள் கட்டைவிரல் நகம் மெல்ல நகர்ந்து வந்தது. அன்னாவின் பெயர்மேல் வந்ததும் நின்றது. விளக்கை அணைத்துவிட்டாள்.

அந்த நகம் எதற்காக நின்றது என்று அந்தக் கூடத்தில் எல்வுட்டைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

"அருமையான பெட்டி, சார்," என்றாள் ஜூடித்.

"பெட்டி மட்டும்தானா?"

அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் விளக்கைப் பைக்குள் வைத்தாள். "அட்டையில நீங்களே எழுதிடுங்க சார். உங்களுக்குத் தெரியாததா."

அவள் அடுத்த சாமானுக்குப் போய்விட்டாள். நல்ல பெண், அவரைப்போல முகத்துக்கு நேரே சொல்லத் தெரியாதவள். எல்வுட் தன் விளக்கை எடுத்தார். முழங்கால் மடங்கவில்லை, ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சிவப்புப் பெயிண்ட் வெடிப்புக்குள் இறங்கி, ஒரு சொட்டு வழிந்து, அங்கேயே காய்ந்திருந்தது. பழைய எழுத்து மங்கிப்போனதால் அதன் மேலேயே யாரோ திரும்ப எழுதியிருக்கலாம் என்று ஒரு நப்பாசை. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். அந்தச் சிவப்புக்கு அடியில் எழுத்தும் இல்லை, பூவும் இல்லை. வெறும் நீலப் பூச்சு. பெட்டிக்கு இருநூறு வயசு. அன்னா என்ற எழுத்துக்கோ அவர் வயசை ஒட்டித்தான் இருக்கும்.

எத்தனை பேரிடம் இதையே சொல்லியிருப்பார்! சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார். அவர்கள் எப்படித்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்களோ என்று இப்போதுதான் முதல்முறையாக யோசித்தார்.

ஒரே ஒரு நூல் மிச்சமிருந்தது. பெயர் பொய்யானாலும் பெட்டி ரோர்பாக் வீட்டுப் பெட்டியாக இருக்கலாமே, வீட்டாரே யாராவது ஞாபகத்துக்காக எழுதிவைத்திருக்கலாமே. கேட்டால் சொல்லக்கூடியவள் லவீனாதான். தொண்ணூறைத் தாண்டிய கிழவி, கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் பிறந்த வீட்டிலேயே இருந்துவிட்டவள், குடும்பத்தில் எல்லோருக்கும் மூத்தவள். முதல் நாளிலிருந்து எல்வுட் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். சர்ச்சை ஒட்டித்தான் வீடு. அடுக்களை மேஜையில் உட்கார்ந்து, மறுநாள் விருந்துக்கு முட்டைக்கோஸ் சீவிக்கொண்டிருந்தாள்.

"வாப்பா எல்வுட். என்ன, மூஞ்சியில ஈயாடல? மாத்திரை போட்டியா?"

எல்வுட் நின்றுகொண்டே சொன்னார். "அக்கா, பெட்டியில இருக்கிற பேரு அந்தக் காலத்துல எழுதினது இல்ல. யாரோ பின்னாடி எழுதியிருக்காங்க."

கத்தி நின்றது. "அந்த மியூசியம் பொண்ணு சொல்லிட்டாளா?"

எல்வுட்டுக்கு ஒரு கணம் புரியவில்லை. விஷயம் தெரியாதவள் என்றால், யார் எழுதினது என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? இவள் யார் சொன்னது என்று கேட்கிறாள்.

"முதல்ல உக்காரு," என்றாள் லவீனா.

அவர் உட்கார்ந்தார். அவள் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு, முட்டைக்கோஸைப் பார்த்தபடியே சொன்னாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது பஞ்ச காலம். பாலுக்கு விலையில்லை, பன்றிக்கு விலையில்லை. அவள் அப்பா எல்மர் பண்ணை ஏலங்களில் யாரும் சீந்தாத வெறும் நீலப் பெட்டிகளை வாங்கிவந்து, களஞ்சியத்தில் வைத்துப் பூப்போட ஆரம்பித்தார். பிள்ளைகள் வர்ணம் அரைத்துக் கொடுப்பார்கள். சாலையோரத்தில் வைத்தால் காரில் போகிற பட்டணத்துக்காரர்கள் வாங்குவார்கள். பெயரும் வருஷமும் இருந்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. ஆனால் யார் பெயரைப் போடுவது? ஊரில் உள்ள பெயரைப் போட்டால், எங்கள் வீட்டுப் பெட்டி உன்னிடம் எப்படி வந்தது என்று அந்த வீட்டார் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

"எங்கப்பாதான் சொன்னாரு, அன்னா பேரைப் போடுங்கடான்னு. அவ ஓஹையோ போனவ, அவ வழியில வந்து கேக்க ஒரு நாதி கிடையாதுன்னு..." சொல்லிவிட்டு லவீனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. எல்வுட் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், எத்தனை பெட்டி என்று கேட்டார். யார் எண்ணினார்கள், எல்லாவற்றிலும் அன்னாதான் என்றாள். சொட்டையானதையும் விற்காததையும் போகிற வருகிற ஏழைபாழைகளுக்கு உருளைக்கிழங்குக்குக்கூட மாற்றிக் கொடுத்ததுண்டாம். அப்படித்தான் அவர் அம்மா கைக்கும் வந்திருக்க வேண்டும். தாய் வழியாக மகளுக்கு, மகள் வழியாகப் பேத்திக்கு என்று ஆறு தலைமுறைக்கு அவர் மனசுக்குள் நடத்திவந்த ஊர்வலம், ஒரு மூட்டைக் கிழங்கில் முடிந்தது.

"நான் முதல்ல வந்த அன்னிக்கே தெரியுமா?"

"வண்டியிலேர்ந்து இறக்கும்போதே தெரியும். இடது பக்கத்து இலை நான் போட்டதுப்பா. கோணலாப் போச்சுன்னு அப்பா நறுக்குனு குட்டினாரு. மறக்குமா?"

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்றது? நீ தட்டை வெச்சுக்கிட்டு அழுதுக்கிட்டே சாப்பிடற. சாப்பிடற ஆள்கிட்ட அந்த மாதிரி பேசற வழக்கம் எங்க வீட்டுல கிடையாது. சரி, அடுத்த வருஷம் சொல்லிக்கலாம்னு விட்டோம். அடுத்த வருஷம் நீ வந்து சர்ச் நாற்காலி எல்லாத்தையும் சும்மாவே பழுது பாத்துக் குடுத்த. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?"

எங்க வீட்டுல என்று அவள் சொன்னதைக் கவனித்தார். நாற்பது வருஷமாக நம்ம வீட்டுல என்றுதான் அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது. ஒருவேளை அவள் எப்போதுமே எங்க வீட்டுல என்றுதான் சொல்லிவந்தாளோ என்னவோ.

"வேற யார் யாருக்குத் தெரியும்?"

லவீனா கத்தியை எடுத்து மறுபடி சீவத் தொடங்கினாள்.

"சின்னப் பசங்களுக்குத் தெரியாது," என்றாள்.

எல்வுட்டுக்கு முகம் சுட்டது. போலியைக் கண்டுபிடிப்பதில் சூரன் என்று ஊரெல்லாம் பெயர் வாங்கியவர். அவர் வந்து உட்காரும் மேஜையில், உருளைக்கிழங்குக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. அன்னா பாட்டி என்று அவர் வாய் ஓயாமல் பேசும்போதெல்லாம் தலையாட்டியிருக்கிறார்கள். விரட்டியடித்திருந்தால்கூடத் தேவலை. அன்றைக்கே நெஞ்சு வெடித்து அழுதுவிட்டு, வேறு எங்கேயாவது தேடப் போயிருப்பார். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயசுதானே, தேட காலம் இருந்தது. அம்மாவேகூட உயிரோடு இருந்திருக்கலாம்.

"குழியைப் பத்திக் கவலைப்படாத," என்றாள் லவீனா. "எல்லாம் பேசிட்டோம். வேலிப் பக்கமா இடம் இருக்கு. ஒருத்தனும் மறுக்கமாட்டான்."

அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "வரேங்க."

"அக்கான்னு சொல்லலையே நீ," என்றாள் அவள். கிழவிக்கு அவர்மேல் உண்மையிலேயே பாசம்தான், அதில் பொய்யில்லை. எல்வுட் வாயைத் திறந்தார். அந்தச் சொல் வரவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்பே போய் அட்டையை எழுதி வைத்தார். பெட்டி சுமார் 1790, இந்தப் பள்ளத்தாக்கில் செய்தது. முதலில் வெறும் நீலம். பூவும் பெயரும் பிற்காலத்தில் எல்மர் ரோர்பாக்கின் களஞ்சியத்தில் எழுதப்பட்டவை. இவ்வளவுதான். கூட்டிக் குறைத்து எழுதவில்லை. எழுதி வைத்துவிட்டு, தூணோரம் நின்று வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தார். ஒரே ஒரு முகமாவது திடுக்கிடாதா என்று பார்த்தார்.

வந்தார்கள், வாசித்தார்கள், நகர்ந்தார்கள். பெரியவர்களில் ஒருவர் புருவம்கூட அசையவில்லை. ஒருத்தி அவர் தோளைத் தட்டி, பீச் பழம் வெச்சுச் சுட்ட பலகாரம் இருக்கு, தீர்ந்துடப்போகுது, சீக்கிரம் வாங்க என்றாள். இன்னொருவர் மழை வரும்போல இருக்கே என்றார். மாலனின் புது மருமகள் மட்டும்தான், வெளியூர்ப் பெண், "அப்போ எல்வுட் தாத்தா யாரோட..." என்று ஆரம்பித்தாள். அவள் புருஷன் முழங்கையால் இடித்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆக, அவளும் இப்போது குடும்பத்தில் ஒருத்தியாகிவிட்டாள்.

சாப்பாட்டுக்கு முன் கூட்டம். மாலன் குழி விஷயத்தை எடுத்தார். எல்வுட் எழுந்து நின்றார். தனக்கு அந்த இடம் வேண்டாம், அந்த மூலை வம்சத்தாருக்கானது, தான் கேட்டதே தப்பு என்று சொல்ல இரவெல்லாம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தார். "அந்த அட்டையில எழுதியிருக்கேன், எல்லாரும் படிச்சிருப்பீங்க," என்று தொடங்கியதுதான் தாமதம், மாலன் கையமர்த்தினார்.

"உக்காருங்க எல்வுட். கோழி ஆறுது."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, சங்கடத்தை மூடும் சிரிப்பு. ஒத்துக்கொள்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார் மாலன். தோப்பு முழுக்கக் கைகள் உயர்ந்தன. யாரும் யாரையும் பார்க்கவில்லை, யோசிக்கவும் இல்லை. உரிமை என்று கேட்டது பிச்சையாக வந்து கையில் விழுந்தது. வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு வழியில்லாமல் போயிற்று. இன்னும் கொஞ்ச நாளில் அவரை வேலியோரம் புதைப்பார்கள். கல்லில் என்ன எழுதுவார்கள்? அன்னாவின் வழி என்றுதான் எழுதுவார்கள், மனசு நோகக்கூடாது என்று. பொய்ப் பெட்டிக்குக் கீழே அட்டை வைக்க அவர் இருந்தார். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உண்மையை எழுதி வைக்க யாரும் இருக்கமாட்டார்கள்.

சாப்பிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் எதையோ தட்டில் வைத்துக்கொண்டே இருந்தார்கள். லவீனா தூரத்து மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிமிரவில்லை.

கடைசியில் குடும்பப் படம். படக்காரன் ஏணியில் ஏறிக்கொண்டு நிறம் நிறமாகக் கூப்பிட்டான். பச்சை என்றான், ஒரு பட்டாளமே போய் நின்றது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை. குழந்தைகள் முன்னால் புல்லில் உட்கார்ந்தார்கள். கடைசியாக நீலம் என்றான். எல்வுட் சட்டையில் நீலச் சீட்டு இருந்தது. நுழைவாயிலில் இருந்த சிறுமி எல்லா வருஷமும்போல எழுதித் தயாராக வைத்திருந்தாள், குத்தும்போது தட்டமுடியவில்லை.

அவர் வரிசையின் ஓரத்துக்குப் போனார். வழக்கமாகப் பக்கத்து ஆள் தோளில் கையைப் போட்டுக்கொள்வார். வீட்டுச் சுவரில் இருக்கும் அத்தனை படத்திலும் அப்படித்தான் நிற்கிறார்; யாராவது அவரை வெட்டி எடுக்க நினைத்தால், வேறொருவர் தோளையும் சேர்த்து வெட்டவேண்டியிருக்கும். இன்றைக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டார். கைகளை முன்னால் கோத்துக்கொண்டார்.

"எல்வுட் தாத்தா, கொஞ்சம் நெருங்கி நில்லுங்க," என்று படக்காரன் ஏணியிலிருந்து சொன்னான். "நடுவுல இடைவெளி தெரியுது."

"தெரியட்டும்ப்பா," என்றார் எல்வுட். "நீ எடு."